தற்காப்புக்குத் துப்பாக்கி: சட்டத்தைத் தளர்த்தினால் யாருக்குப் பாதுகாப்பு?

வீடு புகுந்து கொலை, நடுத்தெருவில் வெட்டு, கூட்டத்தில் துப்பாக்கிச் சூடு என்று ஒரு செய்தி வரும்போதெல்லாம் அதன் பின்னாலேயே ஒரு கேள்வியும் வருகிறது. "போலீஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. குற்றவாளி கையில் ஆயுதம் இருக்கிறது. சட்டத்தை மதித்து நடக்கிறவன் மட்டும் ஏன் வெறுங்கையோடு நிற்க வேண்டும்?" இப்படிக் கேட்பவர்களை வன்முறைப் பிரியர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. பயந்துபோன மனிதர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. அதற்கு உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டுப் பதில் தேட வேண்டும்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொதுமக்கள் தற்காப்புக்காகத் துப்பாக்கி வாங்குவதைப் பொதுவாக எளிதாக்கக் கூடாது. உயிருக்கு உறுதியான, விசாரித்து அறியப்பட்ட அச்சுறுத்தல் உள்ளவர்களுக்கு ஒரு குறுகிய வாசல் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். துப்பாக்கியை ஒரு தீய பொருளாகப் பார்த்து இதைச் சொல்லவில்லை. திருடன் வருகிற அந்த ஒரு ராத்திரியை மட்டும் வைத்து இந்தக் கணக்கைப் போடுகிறோம். அவன் வராத ஆயிரக்கணக்கான நாட்களிலும் அந்தத் துப்பாக்கி வீட்டில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

காரணம் காட்ட வேண்டியது யார்?

தன் உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமை வேறு, அதற்காகத் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை வேறு. விவாதங்களில் இவை இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. முதல் உரிமையை அநேகமாக எல்லா நாட்டுச் சட்டங்களும் ஏற்கின்றன. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் இதைப் பற்றியவைதான். உயிர் போய்விடும், கொடுங்காயம் ஏற்பட்டுவிடும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், தாக்க வருபவரைக் கொல்ல நேர்ந்தாலும் அது குற்றமாகாது. பாலியல் வன்கொடுமை, ஆள் கடத்தல், ஆசிட் வீச்சு ஆகியவற்றைத் தடுக்கும்போதும் அப்படியே. கூடவே இரண்டு வரம்புகளும் உண்டு: தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது; அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமை எழாது.

இரண்டாவது உரிமையில்தான் நாடுகள் பிரிகின்றன. அமெரிக்காவில் 1791-இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசுகிறது. அது தனிமனிதருக்கான உரிமையா, மக்கள் படைக்கானதா என்ற வாக்குவாதம் மிக நீண்ட காலம் நடந்தது. 2008-இல் ஹெல்லர் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று முடிவு சொன்னது. இந்தியாவில் அப்படி ஓர் அடிப்படை உரிமை இல்லை என்பதை அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2023-இல் கள்ளத் துப்பாக்கிகள் பற்றிய ஒரு வழக்கை விசாரித்தபோது நினைவூட்டியது. ஆஸ்திரேலியாவில் துப்பாக்கி கேட்பவர் 'உண்மையான காரணம்' காட்ட வேண்டும். தற்காப்பு அந்தக் காரணங்களில் ஒன்றாக ஏற்கப்படுவதில்லை.

அப்படியானால் சட்டத்தைத் தளர்த்துவது என்றால் நடைமுறையில் என்ன மாறும்? சுற்றி வளைத்துப் பார்த்தால், காரணம் காட்ட வேண்டிய பொறுப்பு இடம் மாறும். கட்டுப்பாடுள்ள நாடுகளில் "எனக்கு ஏன் துப்பாக்கி வேண்டும்" என்பதை விண்ணப்பிப்பவர் நிரூபிக்க வேண்டும். தளர்ந்த நாடுகளில் "இவருக்கு ஏன் கூடாது" என்பதை அரசு நிரூபிக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1911-இல் வந்த சல்லிவன் சட்டத்தின் வழியில், வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்ல விரும்புபவர் தனக்கென்று தனிப்பட்ட காரணம் இருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. 2022 ஜூனில் புரூயன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அந்த நிபந்தனையை ரத்து செய்தது. அதற்கு முன்பிருந்தே பல மாநிலங்கள் அனுமதிச் சீட்டையே கைவிட்டு வந்தன. 2024-க்குள், பெரியவர்கள் அனுமதிச் சீட்டு எதுவும் இல்லாமல் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லக்கூடிய மாநிலங்கள் 29 ஆகிவிட்டன.

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி சாதாரண ரகத் துப்பாக்கிக்கான உரிமத்தை மாவட்ட நிர்வாகமும், தடைசெய்யப்பட்ட ரகங்களுக்கான உரிமத்தை மத்திய உள்துறையும் முடிவு செய்கின்றன. 2019 திருத்தத்தில் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் 3-லிருந்து 2 ஆகக் குறைந்தன. சட்டத்தைத் தளர்த்தக் கேட்பவர்கள் இங்கே ஒரு வரலாற்றை நினைவூட்டுவார்கள்: 1878-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த ஆயுதச் சட்டம், ஆளப்படும் மக்களை நிராயுதபாணிகளாக வைக்கவே உருவானது. உண்மைதான். ஆனால் அந்த நியாயம் அந்நிய ஆட்சிக்கு எதிரானது. அண்டை வீட்டாரோடு வாழும் அன்றாட வாழ்க்கைக்கு அது அப்படியே பொருந்தாது.

அந்தச் சில நொடிகள்

துப்பாக்கி கையில் இருந்தால் தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கையை அந்தச் சில நொடிகளுக்குள் போய் நின்று பார்க்க வேண்டும்.

1983-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல் துறையைச் சேர்ந்த டென்னிஸ் ட்யூலர் என்ற பயிற்சியாளர் ஓர் எளிய சோதனையைப் பற்றி எழுதினார். கத்தியோடு ஓடி வரும் ஒருவர் 21 அடி தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரமாகும்? சுமார் ஒன்றரை நொடி. பயிற்சி பெற்ற காவலர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் குறிபார்த்துச் சுடவும் ஏறக்குறைய அதே நேரம்தான். இது இடுப்பில் துப்பாக்கியோடு, தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து தயாராக நிற்பவரின் கணக்கு. தூக்கத்திலிருந்து விழித்தவரோ, பின்னாலிருந்து பிடிக்கப்பட்டவரோ இந்தக் கணக்கிலேயே வரமாட்டார். வழிப்பறிக்காரன் எச்சரித்துவிட்டு வருவதில்லை. முதல் நொடி எப்போதும் அவன் கையில்தான்.

சரி, சுட நேரம் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். குறி தப்பாமல் இருக்குமா? நியூயார்க் காவல் துறையின் துப்பாக்கிப் பயன்பாட்டை ஆராய்ந்து ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2008-இல் ஓர் அறிக்கை தந்தது. 1998 முதல் 2006 வரை எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் காவலர்கள் சுட்டவற்றில் சராசரியாக 18 சதவீதம்தான் இலக்கில் பட்டன. சம்பளம் வாங்கிக்கொண்டு, தொடர்ந்து பயிற்சி எடுப்பவர்களின் நிலைமை இது. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால் கொலைகாரன் ஒருவனைச் சுட்டு வீழ்த்த இரண்டு காவலர்கள் 16 முறை சுட்டார்கள். அவன் இறந்தான். வழியில் போய்க்கொண்டிருந்த 9 பேர் காயமடைந்தார்கள். எல்லாம் காவலர்களின் தோட்டாக்களாலும் அவற்றின் சிதறல்களாலும் ஏற்பட்ட காயங்கள்.

எதிர்ப்பக்கத்தின் மிகச் சிறந்த உதாரணத்தையும் சொல்லியே ஆக வேண்டும். 2022 ஜூலை 17 அன்று இந்தியானா மாநிலத்தின் கிரீன்வுட் நகர வணிக வளாகத்தில் ஒருவன் துப்பாக்கியால் சுடத் தொடங்கி 3 பேரைக் கொன்றான். அங்கே வந்திருந்த 22 வயது இளைஞர் ஒருவர் தன் கைத்துப்பாக்கியால் அவனைச் சுட்டு வீழ்த்தினார். அனுமதிச் சீட்டு தேவையில்லை என்ற சட்டம் அந்த மாநிலத்தில் அமலுக்கு வந்து 3 வாரம்கூட ஆகவில்லை. அந்த இளைஞர் பல உயிர்களைக் காப்பாற்றினார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

ஆனால் அதற்கு ஓராண்டு முன்பு, 2021 ஜூனில், கொலராடோ மாநிலத்தின் ஆர்வாடா நகரில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு காவலரைச் சுட்டுக் கொன்றவனை அங்கிருந்த பொதுமகன் ஒருவர் துணிச்சலாகச் சுட்டு வீழ்த்தினார். கீழே கிடந்த கொலைகாரனின் நீளத் துப்பாக்கியை அவர் கையில் எடுத்தார். அந்தக் கணத்தில் வெளியே வந்த காவலர் கண்ணில் பட்டது, சூட்டுச் சத்தத்துக்கு நடுவே துப்பாக்கியோடு நிற்கும் ஓர் ஆள். அவரைச் சுட்டார். காப்பாற்ற வந்தவர் இறந்துபோனார். ஒரு கூட்டத்தில் ஐந்தாறு பேர் துப்பாக்கியை உருவினால், அதில் நல்லவர் யார் என்று ஒருவருக்கொருவர் எப்படி அடையாளம் காண்பது? இந்தக் கேள்விக்கு எந்தச் சட்டத் தளர்வும் பதில் வைத்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மற்ற நாட்கள்

இனி, யாரும் தாக்க வராத நாட்களுக்கு வருவோம். இந்த விவாதத்தின் கனமான பகுதி இங்கேதான் இருக்கிறது. தொலைக்காட்சி விவாதங்களில் இது வருவதே இல்லை.

தற்காப்புத் துப்பாக்கியில் ஒரு முடிச்சு இருக்கிறது. அது நொடியில் உதவ வேண்டுமானால் தோட்டா நிரப்பி, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களுக்கு ஆபத்தில்லாமல் இருக்க வேண்டுமானால் பெட்டகத்தில் பூட்டி, தோட்டாவை வேறு இடத்தில் வைக்க வேண்டும். முதல் மாதிரி வைத்தால் குழந்தை கையில் சிக்கும், திருடன் கையில் போகும், குடிபோதைச் சண்டையில் வெளியே வரும். இரண்டாவது மாதிரி வைத்தால் திருடன் வரும்போது சாவி தேட வேண்டும். விரல் ரேகை வைத்ததும் திறக்கும் பெட்டகங்கள் கொஞ்சம் உதவும். முடிச்சை முழுதாக அவிழ்க்காது. துப்பாக்கிச் சட்டங்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் ராண்ட் நிறுவனத்தின் பணியில், மிக வலுவான ஆதாரம் கிடைத்தவற்றில் ஒன்று குழந்தைகள் கைக்கு எட்டாதபடி வைப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம். பூட்டி வைத்தால் உயிர்கள் மிஞ்சுகின்றன. பூட்டி வைத்ததோ அவசரத்துக்கு உதவுவது கடினம்.

அடுத்து வருவது பேசக் கூச்சப்படும் விஷயம். அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் 48,830 பேர் இறந்தார்கள். அதில் கொலை 20,958. தற்கொலை 26,328. துப்பாக்கிச் சாவு என்றால் கொலையே நம் மனதில் தோன்றுகிறது. எண்ணிக்கையில் பெரும்பகுதி தன்னையே சுட்டுக்கொண்டவர்கள். கலிஃபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பெரியவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், வைத்திராத ஆண்களைப் போல ஏறக்குறைய 8 மடங்கு. பெண்களில் 35 மடங்கு.

"சாக முடிவெடுத்தவர் எப்படியும் சாவார்" என்று இதற்குப் பதில் சொல்வார்கள். அது தவறான நம்பிக்கை. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த வேகம் பெரும்பாலும் சில நிமிடங்கள், சில மணி நேரங்கள் மட்டுமே நிற்பது. கடந்துவிட்டால் வாழ்க்கை தொடர்கிறது. துப்பாக்கி அந்த இரண்டாம் வாய்ப்பைத் தருவதில்லை. இஸ்ரேல் ராணுவம் 2006-இல் ஒரு சிறிய மாற்றம் செய்தது: வார இறுதியில் வீட்டுக்குப் போகும் இளம் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச் செல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்த வயது வீரர்களின் தற்கொலை விகிதம் 40 சதவீதம் குறைந்தது. குறைந்தது பெரும்பாலும் வார இறுதித் தற்கொலைகள். வார நாட்களில் பெரிய மாற்றம் இல்லை. அதாவது, வீட்டில் துப்பாக்கி இல்லாத அந்த இரண்டு நாட்களில் அந்தப் பிள்ளைகள் வேறு வழி தேடிப் போகவில்லை. உயிரோடு திரும்பி வந்தார்கள்.

பெண்களின் பாதுகாப்புக்காகச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்ற வாதம் இன்னொன்று. இதை முன்வைப்பவர்களின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. 2012 டெல்லிக் கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற பெயரில் பெண்களுக்கென்றே எடை குறைந்த .32 ரிவால்வர் ஒன்றை வெளியிட்டது. சுமார் அரைக் கிலோ எடை, கைப்பைக்குள் வைக்கும் அளவு, சாதாரணச் சம்பளக்காரர் வாங்க முடியாத விலை. ஆனால் பெண்ணைக் கொல்பவர் யார்? ஐ.நா.வின் மதிப்பீட்டின்படி 2023-இல் உலகம் முழுவதும் வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் சுமார் 85,000 பேர். அவர்களில் 51,100 பேரை, அதாவது பத்தில் ஆறு பேரை, கொன்றவர் கணவரோ காதலரோ குடும்பத்தினரோதான். ஆக, வீட்டுக்குள் வரும் துப்பாக்கி அந்த ஆணின் கைக்கும் எட்டும் துப்பாக்கி. கலிஃபோர்னிய ஆய்வாளர்களே 2022-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இதை நேராகப் பார்த்தது. தாங்கள் துப்பாக்கி வைத்திராமல், வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வசித்தவர்கள் கொலையாகும் விகிதம், துப்பாக்கியே இல்லாத வீட்டாரைப் போல இரு மடங்குக்கு மேல் இருந்தது. துணைவரால் வீட்டில் சுட்டுக் கொல்லப்படும் விகிதம் 7 மடங்கு. அப்படிக் கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

திருட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 2017 முதல் 2021 வரை தனிநபர்களிடமிருந்து திருடு போனதாகப் பதிவான துப்பாக்கிகள் மட்டும் 10 லட்சத்துக்கு மேல். "குற்றவாளிகள் சட்டப்படி வாங்குவதில்லையே" என்ற வாதம் சரிதான். அவர்கள் சட்டப்படி வாங்கியவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். கள்ளச் சந்தைக்குப் போகும் ஆற்றின் ஊற்றுகளில் ஒன்று நல்லவர்களின் அலமாரி.

எண்களின் சண்டை

தற்காப்புக்காக ஆண்டுதோறும் எத்தனை முறை துப்பாக்கி பயன்படுகிறது? ஆதரவாளர்கள் சொல்லும் புகழ்பெற்ற எண் 25 லட்சம். கேரி க்ளெக், மார்க் கெர்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்டது. அமெரிக்க அரசு நடத்தும் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்போ ஒரு லட்சத்தை ஒட்டியோ அதற்குக் கீழாகவோதான் காட்டி வந்திருக்கிறது. இவ்வளவு வித்தியாசம் எப்படி? க்ளெக்கின் ஆய்வில் சுமார் 5,000 பேரிடம் தொலைபேசியில் கேட்டார்கள். கடந்த ஓராண்டில் பயன்படுத்தினேன் என்றவர்கள் ஒன்றேகால் சதவீதத்தை ஒட்டி. அதை நாட்டின் மொத்தப் பெரியவர்களோடு பெருக்கினால் 25 லட்சம். இப்போது யோசித்துப் பாருங்கள்: நூற்றில் ஒருவர், மூன்று வருடம் முன்பு நடந்ததைப் போன வருடம் என்று தவறாக நினைத்துச் சொன்னாலோ, கொஞ்சம் ஜம்பமாகச் சொன்னாலோ, அந்த எண்ணின் முக்கால்வாசி கரைந்துவிடும். அரிதான ஒரு நிகழ்வைக் கருத்துக் கணிப்பில் எண்ணும்போது எப்போதும் வரும் தொல்லை இது. டேவிட் ஹெமன்வே போன்ற ஆய்வாளர்கள் இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள். மறுபுறம், அரசுக் கணக்கெடுப்பு சில சம்பவங்களைத் தவறவிடுகிறது என்பதும் நியாயமான புகார். உண்மை எங்கோ நடுவில் இருந்தாலும், 25 லட்சத்தை வைத்துச் சட்டம் எழுத முடியாது.

இன்னொரு சண்டை, துப்பாக்கி எடுத்துச் செல்வதை எளிதாக்கினால் குற்றம் குறையுமா என்பது. குறையும் என்று 1997-இல் ஜான் லாட், டேவிட் மஸ்டர்ட் இருவரும் எழுதினார்கள். பல மாநில சட்டசபைகளில் அது ஆயுதமாகப் பயன்பட்டது. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு அந்தத் தரவுகளை அலசி, 2004-இல், குறைகிறது என்றோ கூடுகிறது என்றோ சொல்ல ஆதாரம் போதாது என்றது. குழுவில் ஒருவர் மட்டும் மாறுபட்டார். பிறகு சேர்ந்த கூடுதல் ஆண்டுகளின் தரவுகளை வைத்து ஜான் டோனஹ்யூவும் சகாக்களும் 2019-இல் செய்த ஆய்வில், தளர்த்திய மாநிலங்களில் பத்து ஆண்டு கழிந்த பின் வன்முறைக் குற்றங்கள், தளர்த்தாமல் இருந்திருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 13 முதல் 15 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. ஒற்றை ஆய்வு எதையும் முடித்துவைக்காது. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிகிறது.

செக் குடியரசு சொல்வது என்ன?

என் கருத்துக்கு எதிராக நிற்கும் நாடு ஒன்று உண்டு. செக் குடியரசு. அங்கே தற்காப்புக்காகத் துப்பாக்கி வாங்கலாம், மறைத்து எடுத்துச் செல்லலாம். நிபந்தனைகளை நிறைவேற்றினால் அரசு மறுக்க முடியாது. 2021-இல் ஆயுதத்தால் தன்னையும் பிறரையும் காக்கும் உரிமையை அரசமைப்பின் பகுதியான உரிமைச் சாசனத்திலேயே சேர்த்தார்கள். உரிமம் வைத்திருப்பவர்கள் 3 லட்சத்தை ஒட்டி. அப்படியிருந்தும் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவர்கூடக் கொலையாவதில்லை.

இதை மழுப்பக் கூடாது. துப்பாக்கி இருந்தாலே ரத்த ஆறு ஓடும் என்பது பொய் என்று செக் நாடு காட்டுகிறது. ஆனால் அங்கே என்ன செய்கிறார்கள் என்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். எழுத்துத் தேர்வு, கையாளும் செய்முறைத் தேர்வு, மருத்துவச் சான்று, குற்றப் பின்னணி ஆய்வு, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பதிவு. தற்காப்பு உரிமத்துக்கு 21 வயது. இது தளர்ந்த சட்டம் என்று சொல்லும் அளவுக்குத் தளர்ந்ததில்லை. இத்தனைக்குப் பிறகும் 2023 டிசம்பர் 21 அன்று பிராக் நகரில் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் மாணவன் ஒருவன் 14 பேரைச் சுட்டுக் கொன்றான். அவனுடைய துப்பாக்கிகள் சட்டப்படி வாங்கியவை. அதன் பின் அங்கே சட்டம் இறுகியது. ஒருவர் துப்பாக்கி உரிமம் வைத்திருக்கிறாரா என்று மருத்துவர்கள் பார்க்கவும், சந்தேகமான கொள்முதலைக் கடைக்காரர்கள் தெரிவிக்கவும் வழி செய்தார்கள்.

சுவிட்சர்லாந்தையும் அடிக்கடி உதாரணமாகச் சொல்வார்கள். அங்கே ராணுவத் துப்பாக்கி வீட்டில் இருப்பது நாட்டுப் பாதுகாப்பு முறையின் பகுதி. தோட்டாவை வீட்டில் கொடுத்துவைக்கும் பழக்கத்தை 2007 முதல் நிறுத்தத் தொடங்கினார்கள். தெருவில் தற்காப்புக்காக எடுத்துச் செல்ல, ஆபத்து இருப்பதைக் காட்டித் தேர்விலும் தேற வேண்டும். 'எல்லாரும் துப்பாக்கியோடு திரியும் அமைதி நாடு' என்ற சித்திரம் சுவிட்சர்லாந்தைப் பார்க்காதவர்கள் வரைந்தது.

காவல் எட்டாத இடங்கள்

எனக்கே தயக்கம் வருகிற இடம் இது. மலைக்கிராமம், எல்லைப்பகுதி, பக்கத்துக் காவல் நிலையத்துக்கே பல மணி நேரம். அங்கிருப்பவரிடம் "போலீஸைக் கூப்பிடுங்கள்" என்பது வெறும் வாய்ப்பேச்சு. ஜம்முவின் மலைப்பகுதிகளில் 1995 முதல் கிராமப் பாதுகாப்புக் குழுக்களுக்கு அரசே .303 துப்பாக்கிகள் கொடுத்தது. 2023-இன் தொடக்கத்தில் ராஜௌரி மாவட்டத்தின் டாங்ரி கிராமத்தில் தீவிரவாதிகள் தாக்கி 7 பேர் உயிரிழந்தபோது, கிராமத்தவர் ஒருவர் தன் பழைய துப்பாக்கியால் திருப்பிச் சுட்டதும் அவர்கள் விலகி ஓடியதாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள். அந்த ஊர்க்காரரிடம் போய்த் துப்பாக்கி தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதே குழுக்களில் இருந்த சிலர் மீது கொலை உள்பட வழக்குகள் பதிவானதும் உண்மை.

சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளுக்கு எதிராகப் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவலர்களாக்கித் துப்பாக்கி கொடுத்தார்கள். 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை அரசமைப்புக்கு விரோதமானது என்று சொல்லி, ஆயுதங்களைத் திரும்பப் பெற உத்தரவிட்டது. குடிமக்களைக் காக்க வேண்டிய அரசு, போதிய பயிற்சியில்லாத பிள்ளைகளை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்றுகொண்டது என்பதே அதில் உள்ள அநியாயம். அசாம் அமைச்சரவை 2025 மே மாதத்தில், எளிதில் தாக்கப்படக்கூடிய தொலைதூரப் பகுதிகளில் வாழும் பூர்வகுடி மக்களுக்குத் துப்பாக்கி உரிமம் தரும் திட்டத்தை ஏற்றது. இது என்னைக் கவலைப்படுத்துகிறது. ஒரு தரப்புக்குக் கிடைக்கும் துப்பாக்கி பக்கத்துத் தரப்புக்கு மிரட்டல். அவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள், தங்கள் பங்குக்குத் தேடிப் போவார்கள். இனப் பூசல் புகைந்துகொண்டிருக்கும் இடத்தில் 'தற்காப்பு' என்ற சொல்லை இரண்டு பக்கமும் ஒரே உறுதியோடு சொல்லும். கொடுத்த துப்பாக்கியைத் திரும்ப வாங்குவது எளிதில்லை என்பதும் பிரேசிலில் தெரிந்தது. 2019-இல் அதிபர் பொல்சொனாரோ ஆணைகள் மூலம் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார். 2023-இன் முதல் நாளே அதிபர் லூலா அவற்றில் பலவற்றை மாற்றி எழுதினார். ஆணையை ஒரே நாளில் மாற்றலாம். அதற்குள் விற்றுப்போன துப்பாக்கிகள் வீடுகளில்தான் இருக்கின்றன.

குறுகிய வாசல் எப்படி இருக்கலாம்?

வட அயர்லாந்து ஒரு வழி காட்டுகிறது. ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 1996-இல் 16 குழந்தைகளும் ஆசிரியர் ஒருவரும் கொல்லப்பட்ட பிறகு பிரிட்டனின் மற்ற பகுதிகளில் கைத்துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது. வட அயர்லாந்தில் மட்டும், உயிருக்குக் குறிப்பிட்ட, உண்மையான, சரிபார்க்கக்கூடிய ஆபத்து உள்ளவர்களுக்குத் தற்காப்புக் கைத்துப்பாக்கி அனுமதிக்கப்படுகிறது. ஆபத்து இருப்பதைக் காவல்துறை உறுதிப்படுத்த வேண்டும். 'எல்லாருக்கும்' என்பதற்கும் 'யாருக்குமே இல்லை' என்பதற்கும் இடையில் இப்படி ஓர் இடம் இருக்கிறது. சாட்சி சொன்னதால் மிரட்டப்படுபவர், மணல், நில மாஃபியாவை எதிர்த்து வழக்குப் போட்டவர், தீவிரவாதிகளின் பட்டியலில் பெயர் உள்ளவர் ஆகியோருக்கு அது பொருந்தும். தேர்வு, பயிற்சி, பெட்டகம், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை, ஆபத்து நீங்கியதும் திரும்ப ஒப்படைப்பு என்று நிபந்தனைகள் இருக்க வேண்டும்.

ஆனால் அந்த வாசல் நேர்மையாகத் திறக்க வேண்டும். உரிமம் கொடுப்பது அதிகாரியின் விருப்பத்தில் நிற்கும் நாடுகளில் துப்பாக்கி போய்ச் சேர்வது செல்வாக்கும் பணமும் உள்ளவர்களிடம். அந்தஸ்தின் அடையாளமாக இடுப்பில் தொங்குவதற்கு. திருமண ஊர்வலங்களில் வானத்தை நோக்கிச் சுடுவதால் உயிர்கள் போய், 2019 திருத்தத்தில் அதற்கென்றே தனித் தண்டனை எழுத வேண்டியிருந்தது இந்தியாவில். உண்மையிலேயே மிரட்டப்படும் ஏழைக்கு விண்ணப்பத்தின் கதி என்ன ஆயிற்று என்றுகூடத் தெரியவராது. மறுத்தால் எழுத்தில் காரணம், குறிப்பிட்ட நாட்களுக்குள் முடிவு, மேல்முறையீடு ஆகியவை ஏட்டில் இருந்தால் போதாது. தளர்த்தக் கேட்பவர்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவரப் போராடினால் நானும் அவர்களோடு நிற்பேன்.

அதைவிட அவசரமானது, ஏற்கெனவே தவறான கைகளில் உள்ள துப்பாக்கியை எடுப்பது. அமெரிக்க உச்ச நீதிமன்றமே, புரூயன் தீர்ப்பு வந்த இரண்டே ஆண்டில், 2024 ஜூனில், ரஹிமி வழக்கில் 8-க்கு 1 என்ற கணக்கில் ஒன்றை ஒப்புக்கொண்டது: குடும்ப வன்முறைக்காக யார் மீது நீதிமன்றத் தடையாணை இருக்கிறதோ அவரிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கலாம். அடித்து மிரட்டும் கணவனைப் பற்றி ஒரு பெண் புகார் கொடுக்கிறாள். அவள் பெயரில் ஒரு ரிவால்வர் உரிமம் வழங்க எத்தனை வாரமாகும் என்பதைவிட, அவன் உரிமத்தை ரத்து செய்து, வீட்டில் உள்ள துப்பாக்கியைக் காவலர் ஒருவர் வந்து எடுத்துப் போக எத்தனை மணி நேரமாகும் என்பதைச் சட்டம் முதலில் எழுதட்டும்.